பட்டு அடைத்த காது

என் காது இந்த வயதிலும் நன்றாகக் கேட்கும். எதிர் வீட்டு மாடியில் இரண்டு பேர் என்னைப் பற்றிக் குசுகுசுவென்று பேசினாலும் எனக்குக் கேட்டுவிடும். உடனே பதிலும் சொல்லிவிடுவேன். அதனாலேயே தெருவில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. இந்தக் காதை நான் பஞ்சு வைத்துக் காப்பாற்றினேன். என் வீட்டுக்காரர் பட்டு வைத்தார். ஒரே வண்டியில்தான் இரண்டு பேரும் போனோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அரசாங்கத்தில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் சில கிராமங்கள் என் பொறுப்பில் இருந்தன. குடியிருந்தது பிள்ளையார்பாளையத்தில், கணவர் வீட்டில். கூடத்தில் மாமனாரின் தறி இருந்தது. அவர் இறந்த பிறகு அந்தத் தறிக்குழியில் யாரும் கால் வைக்கவில்லை. என் கணவருக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து நெய்கிற பொறுமை கிடையாது. முதலாளி கடையில் பட்டும் ஜரிகையும் வாங்கிப்போய்க் கிராமத்து நெசவாளிகளிடம் கொடுத்து, நெய்து முடித்த சேலைகளை வாங்கி வருவதுதான் அவர் வேலை. அதற்காக ராணுவத்தில் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார்.

வாங்கிய கையோடு செய்த முதல் காரியம், சைலன்சருக்குள் இருந்ததையெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி உருவிப் போட்டது.

"வண்டின்னா சத்தம் வரணும்மா. இல்லன்னா தையல் மிஷின்னு நெனச்சிக்கினு நாய்கூட ஒதுங்காது" என்பார்.

சத்தம் வந்தது. செவிலிமேடு தாண்டி ஆற்றுப் பக்கம் வண்டி திரும்பும்போதே அக்கரையில் தெரிந்துவிடும். கிராமத்துப் பெண்கள் அதைக் கேட்டுத்தான் வெந்நீர் வைத்தார்கள். "உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே பாதி வலி போய்டுது நர்சம்மா" என்று ஒருத்தி சொன்னபோது இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிரசவம் பார்ப்பது நான், பெருமை அவருக்கு.

எனக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகவில்லை. புடவை கட்டிய பெண்கள் வண்டியில் எப்படி உட்கார்வோம்? இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்து. அப்படி உட்கார்ந்தால் வலது காது காற்றுக்கு நேராக வந்துவிடும். ஆற்று மணலைத் தாண்டி வருகிற காற்று அந்தக் காதில் நுழைந்து மண்டைக்குள் சுற்றும். வலது காதுதான் என் வேலைக் காது. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க எனக்கு ஒரு மரக்குழல் கொடுத்திருந்தார்கள். ஒரு சாண் நீளம், ஒரு முனை விரிந்திருக்கும். விரிந்த முனையை வயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். வேறு கருவி எதுவும் அன்றைக்கு என் பையில் இல்லை.

வண்டியில் போக ஆரம்பித்த புதிதில் ஒருநாள், நிறைமாதப் பெண் ஒருத்தியின் வயிற்றில் குழலை வைத்தேன். பால் பொங்குகிற மாதிரி ஒரே இரைச்சல். இடம் மாற்றி மாற்றி வைத்தேன். இரைச்சல்தான். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மாமியார் தலைமாட்டில் நின்று, "இன்னா நர்சம்மா, இருக்குதா?" என்று கேட்டாள். தண்ணீர் வேண்டும் என்று வாங்கிக் குடித்தேன். பையைக் குடைந்தேன். வேண்டாத கேள்வியெல்லாம் கேட்டேன். அப்படியே நேரத்தைத் தள்ளிவிட்டு மறுபடி காதை வைத்தபோது, இரைச்சலுக்கு அடியிலிருந்து அது மெல்ல மேலே வந்தது, தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி. குழந்தைக்கு ஒன்றுமில்லை, என் காதுதான் மூடிக்கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடு செய்தேன். ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால் வரும். அங்கேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, "காது இறங்கட்டும்" என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு நடந்து போவேன். இன்னொன்று, பிரசவப் பையில் இருந்த பஞ்சைக் கிள்ளி நல்லெண்ணெயில் தொட்டு, காது நிறைய அடைத்துக்கொள்வேன். அவருக்கும் அடைத்துவிட்டேன். முதல் நாள் போய் வந்ததுமே, "தலைவலி இல்லமா" என்று அவரே சொன்னார்.

மறுநாள் காலை வாசலில் வண்டியை உதைக்கும்போது என் மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னாடா அது காதுல?"

"பஞ்சும்மா. காத்து ரொம்ப அடிக்குது."

அத்தை முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மூக்கிலும் காதிலும் பஞ்சு வைப்பது செத்துப்போனவர்களுக்குத்தான். மாமனாருக்கு அந்தக் கூடத்தில்தான் வைத்தார்கள், அத்தையின் கண்ணெதிரில்.

"எடுறா! உசுரோட இருக்கிறவன் காதுல யாருடா பஞ்சு வைப்பாங்க? வண்டியில வேற ஏறிப் போறியே, எனக்குக் கொள்ளி வைக்க ஆளு வேணாமா?"

"அத்தே, இது வைத்தியம். ஆஸ்பத்திரியில எல்லாருக்கும்..."

"உன் ஆஸ்பத்திரிய ஆத்துக்கு அந்தாண்ட வச்சிக்கோ."

அங்கேயே, நடுத்தெருவில், தன் தலைமேல் மகன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். காதில் இனிமேல் பஞ்சு வைப்பதில்லை. பிறகு மனசு கேட்காமல் அத்தையே ஒரு மாற்று கண்டுபிடித்தார். நூல் சுற்றும்போது அறுந்து விழுகிற கழிவுப் பட்டு வீடு முழுக்கக் கிடக்கும். அரக்கும் பச்சையுமாக அதில் கொஞ்சம் எடுத்து உருட்டி மகன் காதில் வைத்தார். "பட்டு சுத்தம்டா. சாமிக்கே ஆவுது, உன் காதுக்கு ஆவாதா?"

பட்டு எதையும் அடைக்காது. வழுவழுவென்று நழுவும், உதறினால் விழும், இழைக்கு இழை காற்று போகும். இதை ஒரு தறி வீட்டில் நான் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது. சொன்னேன். இவர் கேட்கவில்லை. அம்மா தலைமேல் செய்த சத்தியம், அதை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். நான் எந்தத் தலைமேலும் கை வைக்கவில்லை. தெரு திரும்பியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி என் பஞ்சை வைத்துக்கொள்வேன். திரும்பும்போது அதே இடத்தில் எடுத்துப் போடுவேன். இவர் காதில் அரக்குப் பட்டு பறந்துகொண்டிருக்கும். "இன்னாபா, மாப்ள கணக்கா காதுல குஞ்சம் கட்டிக்கினு போற?" என்று கடைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும்.

இப்படியே வருஷங்கள் போயின. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் உள்ள குழந்தையையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டவளுக்கு ஒன்று இல்லையே என்று என் காதுபடவே பேசினார்கள். நல்ல காது இருப்பதில் அது ஒரு தொல்லை.

அவர் காது எப்போது போக ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பேச்சுச் சத்தம் கூடியது. என்னிடம் ரகசியம் சொன்னால் அடுத்த வீட்டில் சிரித்தார்கள். இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டலாம் என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"எனக்கு இன்னாமா? உனக்குக் கேக்காததுகூட எனக்குக் கேக்குது."

உண்மையிலேயே கேட்டது. அதுதான் பயங்கரம்.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் விடியலில் ஆரம்பித்துப் பொழுது சாயும் வரை வீட்டுக்கு வீடு பலகை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மட்டும் தெரு செத்த மாதிரி கிடக்கும். அப்படி ஒரு அமாவாசை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"யாருமா தறி ஓட்டறது?"

"இன்னிக்கி அமாவாச. யாரு ஓட்டுவாங்க?"

"நம்ம கூடத்துலதாம்மா. நல்லா கேளு. தட், தட்னு."

கூடத்தில் மாமனார் தறி துணி போர்த்திக் கிடந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றுமே இல்லை. அடுக்களையிலிருந்து அத்தை ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றார். அவர் முகத்தில் பயம் இல்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. "வந்துட்டாரா?" என்று மகனைக் கேட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசையும் தறிக்குழி ஓரத்தில் விளக்கு ஏற்றினார். ஏற்றிவிட்டு, "கேக்குதாடா?" என்பார். "கேக்குதுமா" என்பார் இவர். அது காதுக்குள்ளே வருகிற இரைச்சல், வண்டியால் வந்தது என்று நான் இரண்டு பேரிடமும் சொல்லிப் பார்த்தேன். "உனக்குக் கேக்கலன்னா இல்லன்னு ஆய்டுமா?" என்று அத்தை கேட்டார். சில சமயம் வீட்டில் யாரும் இல்லாதபோது நானே அந்தத் தறியின் பக்கத்தில் போய் நிற்பேன். என் நல்ல காதுக்கு எதுவும் கேட்காது. எல்லாம் தெரிந்த எனக்கே உடம்பு சிலிர்க்கும். அந்த வீட்டில் நான் மட்டும் ஏதோ வெளி ஆள் மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நான் உண்டானேன்.

இனிமேல் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அத்தை சந்தேகமே படவில்லை. "தறியில இருந்தவரு எறங்கி வந்துட்டாரு" என்று தெரு முழுக்கச் சொன்னார். நான் வண்டியில் ஏறுவதை நிறுத்தி, டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். சந்தோஷமாக இருந்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒருவர் கண்ணும் படக்கூடாது என்று பயந்துகொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் மாதம் ஒருமுறை போதவில்லை. ஊரார் குழந்தைகளின் துடிப்பையெல்லாம் கேட்டவளுக்குத் தன் வயிற்றில் தானே காது வைக்க முடியாது. எத்தனை குனிந்தாலும் எட்டாது. ஒருநாள் காலை அவரைக் கூப்பிட்டு, குழலை வயிற்றில் நானே சரியான இடத்தில் வைத்து, "மறுமுனையில காத வையுங்க" என்றேன். முட்டி போட்டு உட்கார்ந்து காதை வைத்தார். ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு முகம் மலர்ந்துபோய் நிமிர்ந்தார்.

"கேக்குதுமா!"

"எப்படிக் கேக்குது? என் கையில தட்டிக் காட்டுங்க."

மறுபடி காதை வைத்துக்கொண்டு விரலால் என் மணிக்கட்டில் தட்டினார். வேகமாக, இரட்டை இரட்டையாக. குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கும் என்று எத்தனையோ தரம் அவரிடம் நானே சொல்லியிருக்கிறேன், அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்த விரல் தட்டுவதைத்தான் நான் என் குழந்தையாக வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் தினமும் காலையில் அதுதான் எங்கள் பூஜை. வண்டியை எடுப்பதற்கு முன் முட்டி போட்டுக் கேட்பார். தட்டிக் காட்டுவார். சில நாள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கி அவசரமா ஓடறான்" என்பார். ஒருநாள் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருந்ததே இல்லை. இதை எழுதும்போதும் அந்தக் காலைகளை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

எட்டாம் மாதம். ஒரு வியாழக்கிழமை அசைவு குறைந்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். இனிப்பு சாப்பிட்டுப் பார்த்தேன். மற்றவர்களுக்குச் சொல்வதையெல்லாம் எனக்கே செய்துகொண்டேன். மறுநாள் காலையில் அவரிடம் சொன்னேன். வழக்கம்போல முட்டி போட்டார்.

"நல்லா கேக்குதே. நேத்தவிட ஜாஸ்தியாவே கேக்குது."

"நிஜமாவா?"

"நான் இன்னா பொய் சொல்லப் போறனா?" என்று என் கையில் தட்டினார். அதே வேகம்.

அந்தத் தட்டலை நம்பி அன்று வேலைக்குப் போனேன். மறுநாள் காலை அவர் முட்டி போட வந்தபோது குழலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். வயிறு எனக்கு அந்நியமாகக் கனத்தது. அதற்குமேல் எவர் சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

சுவரை ஒட்டிய கட்டிலில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பிறகு என்னுடைய குழலையே கேட்டு வாங்கிக் குனிந்தார். ஒரு இடம், இன்னொரு இடம், மறுபடி முதல் இடம். அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ பெண்கள் என் முகத்தை அப்படிப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்போதிலிருந்து அசைவு இல்லை?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். "இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும்" என்றார்.

என் கணவருக்கு அது காதில் விழவில்லை. நான் அழுவதை மட்டும் பார்த்தார். "இன்னா சொல்றாங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். டாக்டரம்மா தலையை ஆட்டிக் காட்டினார்.

"இல்லீங்க. நேத்துகூட நான் கேட்டேன். தள்ளுங்கோ" என்று குழலைப் பிடுங்கினார். நர்சுகள் தடுக்க வந்தார்கள். டாக்டரம்மா வேண்டாம் என்று கை காட்டினார். முட்டி போட்டு உட்கார்ந்து, நான் காட்டிக்கொடுத்த அதே இடத்தில் சரியாக வைத்து, காதைப் பொருத்தினார். அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது.

"இதோ கேக்குதே! அப்டியே ஓடுது! நீங்கோ சரியா கேக்கல டாக்டரம்மா!" என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துத் தட்ட ஆரம்பித்தார்.

வார்டில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். என் வயிற்றுக்குள் துடிப்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். என் கையில் அது துடித்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை, ஒருநாளும் பொய் சொல்லியிருக்கவில்லை என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. அது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இவரை இப்படியே வீட்டுக்கு அனுப்பினால், உயிரோடு இருந்த குழந்தையைக் கொன்றுவிட்டார்கள் என்று சாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார். யாராவது அவருக்குக் காட்டியாக வேண்டும். என்னைத் தவிர யார் காட்டுவது?

அவர் காதிலிருந்து குழலை விலக்கி வாங்கினேன். கட்டிலை ஒட்டிய சுவரில் அதன் விரிந்த முனையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்து, இங்கே கேளுங்கள் என்று சைகை காட்டினேன்.

அவருக்குப் புரியவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, நான் என்ன சொன்னாலும் செய்கிறவர்தானே, கட்டிலின் மேலே எட்டிச் சாய்ந்து சுவரில் இருந்த குழலில் காதை வைத்தார். அவர் விரல் என் கையின் மேலேயே இருந்தது. அது தட்டிக்கொண்டே இருந்தது. வேகமாக, இரட்டை இரட்டையாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

காதை மட்டும் அவர் எடுக்கவில்லை. எவ்வளவோ வருஷமாக என்னிடம் கத்தியே பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்குத்தான் எனக்கே கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்.

"செவுத்துலகூட கேக்குதுமா."